வெள்ளவத்தை மொட்டைமாடித் தேயிலை

— அடுப்பைக் குறையுங்கோ பாக்கியம்! தேயிலை கருகப்போகுது.

— கருகாது, ஐயா. காலையிலயே பச்ச வாட போக வறுத்து, கையால உருட்டியாச்சு. இப்ப ஈரம் வத்துனாப் போதும்.

— வீடியோவில சீனாக்காரன் கையுறை போட்டெல்லோ தாச்சியில கிண்டுறான்?

— வெறுங்கைய வச்சாத்தான் சூடு தெரியும். தயாபரன் ஐயா, நீங்க மொதல்ல அந்தப் போனக் கீழ வைங்க.

— என்ர கூட்டாளி பிறெடி நாலு மணிக்குக் கொட்டாஞ்சேனையில இருந்து வாறான். வெள்ளவத்தை உப்புக்காத்தில தேயிலை வந்தா மீசையை எடுக்கிறன் எண்டவன். மூண்டு வருசமா மொட்டைமாடியில பதினாலு சாடியில தேயிலைச் செடி வச்சுப் பிள்ளையள் மாதிரிப் பாத்தனான். இண்டைக்குப் பிழைச்சா அவன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

— மீசய எடுத்துட்டே வரச் சொல்லுங்க.

— மருந்து ஒரு சொட்டும் அடிக்கேல்லை எண்டும் சொல்லிப்போட்டன்.

— அடிக்கலதான். போன வருசம் பூச்சிக்கு ஒரு போத்தல் வாங்குனீங்களே, என்னாச்சு?

— அது துலைஞ்செல்லோ போச்சு.

— தொலையல. மீற்றர் பெட்டிக்குப் பின்னால இருக்கு. பூச்சியெல்லாம் நாந்தான் வெள்ளனவே ஏறிப் போயி கையால பொறுக்குனேன்.

— அட, கள்ளி!

— கொழுந்தும் நாந்தான் எடுத்தேன். ஒரு மொட்டு, ஒரு எல. நீங்க பிச்ச முத்தலெல்லாம் எருவுக்குப் போட்டாச்சு.

— சமைக்க வந்த நீங்கள் சாடிப் பக்கமே போகாத மாதிரியெல்லோ இருந்தனீங்கள். போன மாசம் லீவில பண்டாரவளைக்குப் போய் வந்ததில இருந்து அதையே சுத்துறீங்கள். தேயிலைத் தோட்டத்தை விட்டுப் பன்னிரண்டு வருசம், கை மறந்துபோச்சு எண்டு சொன்னதும் நீங்கள்தான்.

— மறந்திருக்கும்னுதான் பயந்தேன். எங்க தோட்டத்துல சீனாக்காரரு ஒருத்தர் வந்து பச்சத் தேயில போட்டப்ப, ரெண்டு வருசம் தாச்சியில நின்னவ நான். இந்தாங்க, மோந்து பாருங்க.

— ஆகா! வறுத்த பயறு மாதிரியெல்லோ மணக்குது. பொறுங்கோ, தண்ணி கொதிச்சிட்டுது, ஊத்துறன்...

— ஐயா! கேத்தலக் கீழ வைங்க! கொதிக்கக் கொதிக்க ஊத்துனா கசந்துபோயிரும். மூடியத் தொறந்து கொஞ்சம் ஆற விடுங்க.

— சீனி?

— சீனியும் வேணாம், பாலும் வேணாம்... ம், இப்பக் குடிங்க. மனசுல உள்ளதச் சொல்லணும். என் மூஞ்சிக்காக நல்லாருக்குன்னு சொல்லப்படாது.

— இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ.

— ஊத்துறேன், மொதல்ல எப்பிடியிருக்குன்னு சொல்லுங்க.

— பாக்கியம், சீனத் தேயிலை எண்டு நான் இவ்வளவு காலமும் குடிச்சது வைக்கோல் தண்ணி. இது தொண்டையில இறங்கின பிறகும் இனிக்குது.

— சத்தியமா?

— பிள்ளையார் மேல சத்தியம். உங்கட கைக்கு ஒரு தோட்டத்தையே எழுதிக் குடுக்கலாம்!

— குடுத்துட்டாங்க, ஐயா. பண்டாரவளையில நம்ம பொண்ணுங்க எட்டுப் பேரு சேந்து மூணு ஏக்கர்ல இந்தத் தேயிலதான் போடுறாங்க. போன மாசம் தாச்சியில வறுக்க என்னயக் கூப்பிட்டப்ப, கை மறந்திருக்கும்னு பயந்து பதில் சொல்லாமயே வந்துட்டேன். இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. திங்கக்கெழம ரயில் ஏறுறேன், சமையலுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க.