அக்கரைக்குத் தள்ளினது

செவிடன்தான் குத்திக் கொன்னான்னு முடிவு பண்ணிட்டீங்க, அப்புறம் என்கிட்ட என்னய்யா கேக்கறதுக்கு இருக்கு? இல்ல, உக்காருங்க. குதிரைக்குத் தண்ணி வெச்சாச்சு. தலைநகர்லேருந்து விசாரிக்கன்னு அவ்வளவு தூரம் வந்துட்டு, நின்னுக்கிட்டே பேசினா எப்படி.

ஆமா, அவனும் எங்க வீட்டுக்காரர் மாதிரி படகுக்காரன்தான். ஒப்புக்கிட்டானா? அவன் எதுக்குத்தான் ஒப்புக்கலை. காது சுத்தமா கேக்காது. யார் வாய் அசைஞ்சாலும் தலையை ஆட்டிடுவான். குத்தினியான்னு கேட்டிருப்பீங்க, ஆட்டியிருப்பான். சாப்பிட்டியான்னு கேட்டுப் பாருங்க, பட்டினியா இருந்தாலும் ஆட்டுவான். அந்தத் தலையாட்டலை வெச்சா நாளைக்குத் தூக்குல போடப்போறீங்க?

காயம். கேள்விப்பட்டேன். விலாவுல, ரெண்டு எலும்புக்கு நடுவுல. படகு தள்ளுற கழியோட இரும்பு முனை அதுல சரியாப் பொருந்துதுன்னு வைத்தியர் சொன்னாராம். பொருந்தும். எல்லாப் படகுக்காரங்க வீட்டுலயும் அந்த முனைதான், ஒரே கொல்லன் அடிச்சது. கதவு மூலையில பாருங்க, எங்களோடதுல ஒண்ணு.

இங்க நடக்கிறது உங்களுக்குத் தெரியாது. நடு ஆத்துல எல்லை. இந்தக் கரைக்கு ஒரு ராஜா, அந்தக் கரைக்கு இன்னொரு ராஜா. வரி வாங்க வர்றதோட சரி, மத்தபடி ரெண்டு பேரோட ஆளும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. கொள்ளைக்காரன் வெட்டிப் போட்டது, முழுகிச் செத்தது, எல்லாம் ஆத்தோட வரும். எந்தக் கரையில பிணம் ஒதுங்குதோ அந்தக் கரைக் காவல் சாவடிதான் வழக்கு எழுதணும். எழுதினா யாரையாவது பிடிச்சுக் காட்டணுமில்ல? பக்கத்துல யார் வீடு இருக்கோ அவனைப் பிடிப்பாங்க. என் கொழுந்தன் அப்படித்தான் ஒன்பது மாசம் உள்ள இருந்தான். வெளிய வந்தப்ப சோத்தைப் பிசையக்கூட விரல் மடங்கலை.

அதனால தள்ளிவிடுவோம். நாங்க அந்தப் பக்கம் தள்ளுவோம், அவங்க இந்தப் பக்கம் தள்ளுவாங்க. முதல் தடவை மூணு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கலை. அப்புறம் பழகிடுது ஐயா. முகத்தைப் பார்க்காம தள்ளப் பழகிடுது.

நீங்க விசாரிக்க வந்த இந்தச் செத்தவனையும் அக்கரையில யாரோ திருப்பித் தள்ளியிருக்காங்க. செவிடன் வீட்டுப் படித்துறையில வந்து ஒதுங்கினான். அவ்வளவுதான் செவிடன் பண்ண தப்பு.

அதுக்கு முன்னாடி, முதல்ல எங்க வீட்டுத் துறைக்குத்தான் வந்தான். அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். விடிஞ்சதும் துணி அலசப் போனேன், நாணல்ல சிக்கிக் குப்புறக் கிடந்தான். உடம்பு விறைச்சுப் போயிருந்துது. கழியை எடுத்துட்டு வந்து தோள்ல வெச்சுத் தள்ளினேன். வழுக்கி விலாவுல இறங்கிடுச்சு. ஒரு சொட்டு ரத்தம் வரலை. செத்து நேரமானவனைக் குத்தினா ரத்தம் வராதுன்னு உங்க வைத்தியருக்குத் தெரியாதா?

யாரும் கொல்லலை. அந்த வாரம் வெள்ளம்னு படகெல்லாம் நிறுத்தியிருந்தாங்க. அந்தக் கரையிலேருந்து நீந்தி வரப் பார்த்திருக்கான். எப்படித் தெரியும்னா, இடுப்புல செருப்பைக் கட்டியிருந்தான். நீங்க கவனிக்கலையா? இந்தக் கரையில ஏறி எங்கேயோ நடக்கணும்னு இருக்கிறவன்தானே செருப்பைக் கட்டிக்கிட்டு நீந்துவான்.

தள்ளின வேகத்துல புரண்டான், முகம் மேல வந்துது. கழியை விட்டுட்டுக் கையை நீட்டினேன், அதுக்குள்ள ஆறு இழுத்துக்கிட்டுது. கத்தலை. கத்தினா சாவடிக்குக் கேக்கும்னு அப்பவும் தோணிச்சு பாருங்க.

எழுதிக்கிட்டீங்களா? செவிடனை இன்னிக்கே விட்டுடுங்க. என்னை எங்க கூப்பிட்டாலும் வர்றேன். பேர் தெரியாதவன்னு போட்டிருக்கீங்களாமே, அதை மட்டும் அடிச்சிடுங்க. பேர் சொல்றேன், நான் வெச்ச பேர்தான்.

தகப்பன் பேரும் வேணுமா? எங்க வீட்டுக்காரர் பேரைப் போட்டுக்கங்க. இப்போ படகுலதான் இருக்கார். கரைக்கு வந்ததும் நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க ஐயா. இத்தனை நாளா என்னால முடியலை.