உம் தாமி மலையில் முன்னால் நடந்தவள்

முத்லக்: அங்க வேண்டாம்… வலது கால இந்தப் பாறையில வை.

நுவைரா: மணல் படிஞ்சிருக்கு, வழுக்கும். நான் இடுக்கு வழியா ஏறிக்கிறேன்.

முத்லக்: இருபது வருஷமா ஆளுங்கள இந்த மலைக்குக் கூட்டிட்டு வர்றேன். எனக்குத் தெரியாத இடுக்கா?

நுவைரா: அதான் மேல வந்து நிக்கிறேனே. நீங்க மெதுவா வாங்க.

முத்லக்: கொஞ்சம் நில்லு… செருப்பு வாரு கழண்டிருச்சு.

நுவைரா: மூணாவது தடவையா கழலுது. மூச்சு வாங்குதுன்னே சொல்லலாம்.

முத்லக்: சிரி, சிரி. வழிகாட்ட பொம்பளதான் வேணும்னு நாளைக்கு அம்மான் பட்டணத்துல இருந்து அஞ்சு பொம்பளைங்க வர்றாங்க. அவங்க இப்படி நடுவுல உக்காந்துட்டா?

நுவைரா: நானும் கூட உக்காந்து டீ போடுவேன்.

முத்லக்: ஒருத்தி பயந்து அழுதா?

நுவைரா: கீழ பாக்காத, என் குதிகால மட்டும் பாத்துட்டே வான்னு சொல்வேன்.

முத்லக்: ம்… இத்தன வருஷத்துல எனக்கு இது தோணல.

நுவைரா: உங்க அண்ணன் ஒத்துக்குவாரா? பொம்பளைக்கு மலையில என்ன வேலைன்னு காலையில அப்படிக் கத்தினாரே.

முத்லக்: நீ முன்னாடி நடந்து உச்சியத் தொட்டுட்டா, அப்புறம் பேச மாட்டாராம். இங்க எந்தப் பக்கம் திரும்பணும்?

நுவைரா: இடது பக்கம். அங்கதான் காத்து தள்ளாது.

முத்லக்: …சரிதான். போ, போ, பின்னாடியே வர்றேன்.

நுவைரா: வந்தாச்சு. அந்தக் கோடு மாதிரி மின்னுறது கடலுங்க… இந்தப் பக்கம் எல்லாம் சவூதி மலைங்க.

முத்லக்: எங்கயும் உனக்கு நான் கை குடுக்கல. முதல் தடவ ஏறுறவ இப்படி ஏறினாள்னு அண்ணன்கிட்ட சத்தியமே பண்ணுவேன்.

நுவைரா: பண்ணாதீங்க… முதல் தடவ இல்ல.

முத்லக்: இல்லையா?

நுவைரா: பதினாறு வயசுல வந்திருக்கேன். ஒரு ஆட்டுக்குட்டி வழி தவறி மேல ஏறிருச்சு. தூக்கிட்டு எறங்கினேன். தனியா ஏறினது தெரிஞ்சா எங்கப்பா தோல உரிச்சிருப்பாரு. அதான் யாருகிட்டயும்… இத்தன வருஷக் குடித்தனத்துல உங்ககிட்டயும் சொல்லல.

முத்லக்: கறுப்புக் குட்டி. தோள்ல போட்டிருந்த.

நுவைரா: …உங்களுக்கு யாரு சொன்னா?

முத்லக்: நீயா சொல்றியான்னு பாக்கத்தான் சத்தியம்னேன். அன்னைக்கு எதிர் மலையில ஒட்டகம் தேடிட்டிருந்தேன். நீ தரையில கால் வைக்கிற வரைக்கும் நான் நகரல. மறுவாரமே எங்கப்பாவ உங்க கூடாரத்துக்குப் பொண்ணு கேட்டு அனுப்பினேன். உங்கப்பா பொண்ணத் தர்றேன்னு சொல்ற வரைக்கும் அவரு முன்னால வச்ச காப்பியத் தொடலையே… அந்தப் பிடிவாதம் அவரோடது இல்ல நுவைரா, என்னோடது.