மக்கரோனி குடித்த சூப்

வருண்: அக்கா, இந்த ப்ளாஸ்க்க யாராச்சும் தொறந்தாங்களா?

ரஞ்சிதம்: மெதுவா பேசு, தம்பி. இப்பத்தான் என் தங்கச்சியும் உன் பாப்பாவும் கண் அசந்தாங்க. பொறந்து ஒம்பது நாள் ஆன புள்ள. உன் குரலுக்கு, கீழ் மாடி கோப்பிக்கடையில இருக்குறவங்களே எந்திரிச்சிடுவாங்க.

வருண்: சரி, சரி... மெதுவா கேக்குறேன். தொறந்தாங்களா?

ரஞ்சிதம்: ஏன், என்ன இல்ல?

வருண்: சூப்பு இல்ல.

ரஞ்சிதம்: நெறைய இருக்கே. கரண்டியே உள்ள போவ மாட்டேங்குது.

வருண்: அது மக்கரோனி. நான் சூப்ப கேக்குறேன். காலையில ஆறரைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நானே ஊத்தி மூடி வெச்சேன். தண்ணி மட்டும் எண்ணூறு மில்லி. இப்ப சாய்க்கிறேன், பாருங்க... ஒரு சொட்டு விழுதா?

ரஞ்சிதம்: எண்ணூறுன்னு எப்படித் தெரியும்?

வருண்: அளந்தேன்.

ரஞ்சிதம்: சூப்பையா?

வருண்: லிஃப்ட்டுக்கு எண்ணெய் அளந்து ஊத்துறவன் சூப்ப அளக்கக் கூடாதா?

ரஞ்சிதம்: அதே குவளையிலயா?

வருண்: அக்கா!

ரஞ்சிதம்: ஷ்ஷ்... கேட்டேன் லா. சரி, மக்கரோனி குடிச்சிருக்கும், விடு.

வருண்: அப்படித்தான் நானும் நெனைச்சேன். திங்கக்கிழமையும் இதே கதை, நேத்தும் இதே கதை. மக்கரோனி காஞ்ச மாவு இல்லையா, வேகும்போது தண்ணிய இழுக்கும். அடுப்ப அணைச்சா நிறுத்திடும்னு நாம நெனைக்கிறோம். நிறுத்தாது. ப்ளாஸ்க்ல சூடு வெளிய போகாது. அது பாட்டுக்கு உள்ள உக்காந்து, மெதுவா ஊறிக்கிட்டு, குடிச்சிக்கிட்டே இருக்கும்.

ரஞ்சிதம்: எங்க பஸ் டிப்போவுல செல்வராஜ்னு ஒருத்தர் இருக்காரு. கல்யாண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா இப்படித்தான்.

வருண்: அவருக்கும் ஒரு அளவு இருக்கும் இல்ல?

ரஞ்சிதம்: நாங்க யாரும் அளந்து பாத்ததில்ல.

வருண்: சிரிக்காதீங்க அக்கா... நேத்து நிரு என்ன சாப்பிட்டா?

ரஞ்சிதம்: ரெண்டு வாய் சோறு. பூண்டுக் கொழம்பு.

வருண்: அதுக்கு முந்தின நாளு?

ரஞ்சிதம்: சுறாப்புட்டு வெச்சேன். பால் ஊறும்னு சொன்னாங்க. வாசத்துக்கே மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

வருண்: நாளைக்கு பாலிகிளினிக்ல பாப்பா எடை பாப்பாங்க. போன தடவையே நர்ஸ் சொன்னாங்க, மொதல்ல அம்மா சாப்பிடணும்னு. திங்கக்கிழமை குளிச்சிட்டு வரும்போது செவுத்தப் புடிச்சிக்கிட்டே வந்தா. பாத்தீங்களா?

ரஞ்சிதம்: பாத்தேன். நீ பாக்கலன்னு நெனைச்சேன்.

வருண்: வீட்டுக்கு வந்ததுலேருந்து வாயத் தொறந்து அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழமைல நாங்க செய்யிற அந்தச் சூப்பு. அத நான் ஒழுங்கா குடுக்க முடியல. மத்தியானம் ஓடி வந்து மூடியத் தொறந்தா களி மாதிரி நிக்குது.

ரஞ்சிதம்: சரி... இங்க குடு. இதுல என்ன வாசம்?

வருண்: செலரி.

ரஞ்சிதம்: செலரி புளிக்குமா?

வருண்: ...கேரட்டா இருக்கும்.

ரஞ்சிதம்: தம்பி.

வருண்: எலுமிச்ச.

ரஞ்சிதம்: எலுமிச்சயா! பச்ச ஒடம்புக்காரிக்கா!

வருண்: மெதுவா, அக்கா. கோப்பிக்கடைக்குக் கேக்கும்.

ரஞ்சிதம்: ஃப்ரிட்ஜ் கதவுல லிஸ்ட் ஒட்டி வெச்சிருக்கேனே, தெனமும் அதத் தாண்டித்தானே போற? நாலாவது வரி என்ன?

வருண்: புளிப்பு ஆகாது.

ரஞ்சிதம்: பழத்த எங்க வெச்சிருக்க? ஃப்ரிட்ஜ்ல இல்லியே.

வருண்: பாம் ஷெல்டர் ஸ்டோர்ரூம்ல. பழைய டூல் பாக்ஸ்ல.

ரஞ்சிதம்: அந்தப் பெரிய ஸ்பேனருக்குக் கீழயா?

வருண்: ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?

ரஞ்சிதம்: வேற எங்க ஒளிப்ப, அத சொல்லு. ஸ்பேனர எடுக்க இந்த வீட்டுல யாரு வரப்போறா?

வருண்: டாக்டர்கிட்டயும் கேட்டேன், அக்கா. தாராளமா குடுக்கலாம்னுதான் சொன்னாங்க. உங்க லிஸ்ட்ட நான் கொறை சொல்லல. புளிப்பு ஏன் ஆகாதுன்னு மட்டும் தெரிஞ்சா...

ரஞ்சிதம்: எனக்கும்தான் தெரியாது! அம்மா இருந்திருந்தா அவங்க பாத்திருப்பாங்க. அம்மா இல்ல. சரின்னு நான் லீவு போட்டுட்டு வந்தேன். எனக்கு டபுள் டெக்கர் ஓட்டத் தெரியும், பத்தியம் வெக்கத் தெரியுமா? நான் என்ன புள்ளையா பெத்தேன்? எங்க புளோக்குல சந்திரமதி அக்கா மூணு பெத்தவங்க. அவங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு வந்தேன். இருபத்தி மூணு வரி. ஒண்ணு தப்பினாலும் என் தங்கச்சிக்கு ஏதாச்சும் ஆயிடும்னு...

வருண்: அக்கா... சூப்புல பூண்டு போட்டிருக்கேன்.

ரஞ்சிதம்: எத்தன பல்லு?

வருண்: ஆறு.

ரஞ்சிதம்: அது ரெண்டாவது வரியில இருக்கு. அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேற?

வருண்: கோழிய எலும்போட போட்டு, நுரை எடுத்து, சின்னத் தீயில ஒரு மணி நேரம். அப்புறம் வெங்காயம், கேரட், செலரி. கொஞ்சம் மொளகு. எல்லாம் வெந்தப்புறம் மக்கரோனி. கடைசியா பழத்த ரெண்டா வெட்டிப் பிழிஞ்சு, வாசம் நிக்கட்டும்னு பிழிஞ்ச எலுமிச்ச மூடியையும் உள்ளயே போட்டேன். ரெண்டு பழம், நாலு மூடி.

ரஞ்சிதம்: ஓ.

வருண்: இந்தக் கணக்கு எனக்கு ஒதைச்சிக்கிட்டே இருந்துச்சு. அதனால இன்னைக்கு ஒரு வேலை பண்ணேன். ரெண்டு ப்ளாஸ்க்.

ரஞ்சிதம்: ரெண்டா?

வருண்: இதோ, என் பையில இருக்கு பாருங்க. அதே அளவு ப்ளாஸ்க். அதே எண்ணூறு மில்லி. மக்கரோனி எடை போட்டு இருநூறு கிராம். அதே நாலு மூடி. ஒண்ண இங்க வெச்சேன். ஒண்ண எங்கூட சைட்டுக்குக் கொண்டு போனேன். நானும் தொடல, வேற யாரும் தொடல. இப்ப தொறக்குறேன்... குவளையில வடிக்கிறேன்... சூப்பு எந்தக் கோட்டுல நிக்குது? படிங்க.

ரஞ்சிதம்: கண்ணாடி போடல.

வருண்: உங்க தலைமேலதான் இருக்கு.

ரஞ்சிதம்: ...முந்நூத்தி அம்பது.

வருண்: அப்ப மக்கரோனி குடிச்சது நானூத்தி அம்பது. அதுக்கு மேல அதால முடியல. வயிறு ரொம்பிடுச்சு. அப்படீன்னா இந்த ப்ளாஸ்க்லயும் முந்நூத்தி அம்பது மிச்சம் இருக்கணும். ஏன் இல்ல?

ரஞ்சிதம்: வீட்டு மக்கரோனிக்குத் தாகம் ஜாஸ்தி.

வருண்: அக்கா.

ரஞ்சிதம்: ஃபேன் காத்துல இருந்துச்சு.

வருண்: மூடி போட்டிருந்துச்சு. சரி, இதக் குடிச்சுப் பாருங்க. என் ப்ளாஸ்க் சூப்பு.

ரஞ்சிதம்: தூ... கசக்குது! கஷாயமா இது?

வருண்: தோலு ஆறு மணி நேரம் சூட்டுல கெடந்திருக்கு. தோலுக்கு உள்ள வெள்ளையா இருக்கே, அதுல இருக்குற கசப்பு, கொட்டையில இருக்குற கசப்பு, எல்லாம் எறங்கிடுச்சு. தப்பு என்னோடது. வாசத்துக்குன்னு போட்டது கசப்பாயிடுச்சு. இப்ப வீட்டு மக்கரோனிய ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க.

ரஞ்சிதம்: எனக்கு வேணாம். பசி இல்ல.

வருண்: நான் போட்டுப் பாத்துட்டேன். கசக்கல. ஏன்னா இதுல எலுமிச்ச மூடியே இல்ல. நாலு போட்டேன், ஒண்ணுகூட இல்ல. மக்கரோனி தண்ணி குடிக்கும், ஒத்துக்கிறேன். தோலையும் திங்குமா, அக்கா?

ரஞ்சிதம்: நான் ஒண்ணு கேக்குறேன், அதுக்கு மொதல்ல நீ பதில் சொல்லு. என்னை எப்பப் போகச் சொல்லப் போற?

வருண்: என்னது?

ரஞ்சிதம்: மறைக்காத. நேத்து பாத்தேன். பத்தியச் சாப்பாடு கேட்டரிங், இருபத்தெட்டு நாளு, ரெண்டு வேளையும் வீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாங்க. அந்த நோட்டீஸ், டூல் பாக்ஸ்ல, நாலா மடிச்சு.

வருண்: டூல் பாக்ஸ்ல வேற என்னென்ன பாத்தீங்க?

ரஞ்சிதம்: பேச்ச மாத்தாத. அவங்க தெரிஞ்சு சமைக்கிறவங்க. நல்லாத்தான் செய்வாங்க. ஒம்பது நாளா நான் சமைக்கிறேன், அவ ஒரு தட்டு முடிக்கல. எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்த சொல்லு, கெளம்பிடுறேன். பூன் லேல என் வீடு என்ன தூரமா, இந்த புக்கிட் பாத்தோக்லேருந்து எம்ஆர்டி ரயில்ல ஏறினா அர மணி நேரம். லீவ கேன்சல் பண்ணிட்டா திங்கக்கிழமையே வண்டி எடுத்துடலாம். வீட்டுலயும் எனக்கு வேல கெடக்கு.

வருண்: என்ன வேல?

ரஞ்சிதம்: செடிக்குத் தண்ணி ஊத்தணும்.

வருண்: எத்தன செடி?

ரஞ்சிதம்: ...ஒண்ணு.

வருண்: அக்கா, அந்தப் பேப்பர திருப்பிப் பாத்தீங்களா?

ரஞ்சிதம்: எதுக்குத் திருப்பணும்? படம் போட்டு வெல போட்டிருந்துச்சே, அது போதாதா?

வருண்: இந்தாங்க, சட்டைப் பையிலதான் இருக்கு. பின்னாடி படிங்க. கண்ணாடி இப்ப மூக்கு மேல இருக்கு.

ரஞ்சிதம்: "திங்கள், எண்ணூறு, பூஜ்யம். செவ்வாய், எண்ணூறு, பூஜ்யம். புதன், ரெண்டு ப்ளாஸ்க்..." என்ன இது?

வருண்: லிஃப்ட் லாபில கட்டுக்கட்டா வெச்சிருந்தாங்க. சூப்புக் கணக்கு எழுத ஒரு காகிதம் வேணும்னு ஒண்ண எடுத்தேன். முன்பக்கத்த நான் படிக்கவே இல்ல. இன்னும் கீழ போங்க.

ரஞ்சிதம்: "அக்கா லீவு. இன்னும் ரெண்டு வாரம்? கேக்கணும்." ...இத ஏன் அடிச்சிருக்க?

வருண்: அடிச்சேன். அப்புறம் திரும்ப எழுதினேன். அதுக்குக் கீழ இருக்கு.

ரஞ்சிதம்: கேக்கலியே நீ.

வருண்: எப்படிக் கேக்குறது? நீங்க பஸ்ஸ விட்டுட்டு வந்து, காலையிலேருந்து உக்காராம நின்னுக்கிட்டே இருக்கீங்க. இன்னும் ரெண்டு வாரம்னு கேட்டு, முடியாதுன்னு சொல்லிட்டீங்கன்னா நிரு அழுவா.

ரஞ்சிதம்: நிருவா?

வருண்: ...நானும்தான். பாப்பாவுக்கு எப்படித் தலைக்கு ஊத்துறதுன்னு எனக்கு என்ன தெரியும்?

ரஞ்சிதம்: எனக்கு மட்டும் தெரியுமா? பதினேழாவது வரியப் பாத்துப் பாத்துத்தான் ஊத்துறேன்.

வருண்: இருப்பீங்களா?

ரஞ்சிதம்: அந்தச் செடி கள்ளிச் செடி. ரெண்டு மாசம் தண்ணி இல்லாட்டியும் சாவாது.

வருண்: அப்படீன்னா சரி. இப்ப என் கேள்விக்கு வாங்க. முந்நூத்தி அம்பது மில்லி. நாலு மூடி. எங்க போச்சு?

ரஞ்சிதம்: நேரமாச்சு, நீ வேலைக்குக் கெளம்பு.

நிரஞ்சனா: அக்கா...

ரஞ்சிதம்: பாத்தியா, எழுப்பிட்ட. இருடா, வரேன்!

நிரஞ்சனா: அக்கா, வருண் போயிட்டாரா? பதினோரு மணிக்குக் குடுத்தீங்களே, அந்தப் புளிப்புச் சூப்பு... இன்னும் ஒரு கிண்ணம் இருக்கா?

வருண்: அக்கா?

நிரஞ்சனா: அக்கா?

ரஞ்சிதம்: அங்கதான் போச்சு, தம்பி. மூணு நாளா. நீ கதவச் சாத்தினதும் அந்த எலுமிச்ச மூடிய எல்லாம் எடுத்துடுவேன், கசக்கும்னு மொத நாளே தெரிஞ்சிடுச்சு. பதினோரு மணிக்கு மக்கரோனிய ஒதுக்கிட்டு, தண்ணிய மட்டும் வடிச்சு, உன் ஸ்பேனருக்குக் கீழேருந்து ஒரு பழம் எடுத்துப் பிழிஞ்சு குடுப்பேன். போய் எண்ணிப் பாரு, மூணு கொறையும். லிஸ்ட் கொண்டு வந்தவ நான், நாலாவது வரிய மீறினதும் நான்னு எப்படிச் சொல்லுவேன்? என் கொழம்பத் தொடாதவ உன் சூப்ப கிண்ணத்தச் சாய்ச்சுக் குடிக்கிறான்னு சொன்னா, அப்புறம் நான் எதுக்கு இங்க? அதான் அவகிட்டயும் சொல்லாதேன்னு சொல்லி வெச்சேன். இன்னைக்குச் செவுத்தப் புடிக்காம நடந்தா, தம்பி. பாத்ரூம்லேருந்து தொட்டில் வரைக்கும். சரி, பேனாவ எடு, உன் பேப்பர்ல எழுதிக்க. நாளையிலேருந்து ப்ளாஸ்க்ல சூப்பு மட்டும். மக்கரோனிய வேக வெச்சு, வடிச்சு, ஒரு சொட்டு எண்ணெய் பெரட்டி, தனி டப்பாவுல ஃப்ரிட்ஜ்ல வை. பழமும் ஃப்ரிட்ஜ்ல, டூல் பாக்ஸ்ல இல்ல. பதினோரு மணிக்கு மக்கரோனிய கிண்ணத்துல போட்டு, சூடா சூப்ப ஊத்தி, தோலு கொட்டை எதுவும் விழாம, கடைசியா நான் பழம் பிழிவேன்.