நங்கூரம் வரை

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடிக்கலாம்.

அந்தப் படகில் நான் வழிகாட்டி. அக்கரைக்குப் போகும் பயணிகளுக்குக் கலங்கரை விளக்கத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அது பாட்டுக்கு நிற்கிறது, கண் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் கப்பல் சொற்களின் கிரேக்க வேர்களைச் சொல்லிவந்தேன். சுக்கான் பிடிப்பவனைக் கிரேக்கர்கள் கிபர்னேட்டீஸ் என்றார்கள். கவர்னரும், சைபர் கிரைமில் வரும் சைபரும் அதன் வாரிசுகள். அங்கே தொடங்கி, துடுப்பில் பிறந்த பைலட் என்ற சொல்லைத் தொட்டு, அங்கூராவில், அதாவது நங்கூரத்தில் முடிப்பேன். முடிக்க ஆசைப்பட்டேன் என்பதே சரி. பைலட்டுக்கு வரும்போதே கரை வந்துவிடும், ஜனங்கள் இறங்கி ஓடிவிடுவார்கள்.

படகை ஓட்டுவது என் மனைவியின் தம்பி. கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்லிப் பலமுறை கெஞ்சினேன். "அத்தான், மெதுவாப் போனா நீங்க பேசறத நானும்ல கேட்கணும்" என்றான். நேற்று முதலாளி கூப்பிட்டு, நாளையோடு பேச்சு போதும், அடுத்த நாளிலிருந்து பாட்டு போடப்போகிறோம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருத்தர்கூட நங்கூரம் வரை கேட்காமல் நான் போய்ச் சேர்வதா?

ஆகவே இன்று காலை, தண்ணீரில் விழுந்துவிடும் என்று சொல்லி எல்லாருடைய செல்போன்களையும் ஒரு பையில் வாங்கி வைத்தேன். நடுக்கடலில் மைத்துனன் அசந்த நேரம் பார்த்து நங்கூரத்தை இறக்கினேன். எஞ்சின் சாவியைக் கடலில் போட்டேன். வயர்லெஸ் பெட்டியையும் போட்டேன். அந்தப் பையையும்தான், பேசும்போது மணியடித்தால் எனக்குக் கோர்வை போய்விடும்.

காற்று எழுந்து படகு ஆடியது. எல்லாரும் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக் குனிந்தார்கள். டாக்டர்கள் நாசியா என்கிறார்களே, அந்தக் குமட்டல், கப்பலைக் குறிக்கும் நௌஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. இப்படிப் பொருத்தமான உதாரணம் எந்த வாத்தியாருக்கு அமையும்? ஒருவர் மட்டும் பாதியிலேயே குதித்து நீந்திப் போய்விட்டார். பண்பில்லாத மனிதர். உங்களுக்குத் தகவல் சொன்னவரும் அவராகத்தான் இருக்கும்.

மீட்புப் படகு வந்தபோது நான் பைலட்டில் இருந்தேன்.

பயணிகளைச் சிறைவைத்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். அதை மட்டும் அடித்துவிடுங்கள், அவர்கள் ஆர்வமாகத்தான் இருந்தார்கள். மற்றதெல்லாம் உண்மை, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். கதவை ஏன் பார்க்கிறீர்கள்? தேநீரோடு உள்ளே வந்தபோது சாவியை அதிலேயே விட்டுவிட்டீர்கள். நீங்கள் பேனாவைத் தேடிக் குனிந்த நேரத்தில் பூட்டி, ஜன்னல் வழியே போட்டுவிட்டேன்.

உட்காருங்கள். பைலட்டிலிருந்து தொடரலாம். வேண்டாம், உங்களுக்குத் தொடர்ச்சி புரியாது, முதலிலிருந்தே வருவோம்.