சர்வர் அறையில் ஏறும் ஈரம்

— ...இன்னும் சாப்பிடப் போகலையா தம்பி? தீப்பெட்டி சைஸ் பெட்டி, அது முன்னாடி இப்படித் தவம் கிடக்கிறே. வரம் ஏதும் குடுத்துச்சா?

— பசிக்கலக்கா. ரிசப்ஷன்ல போன் அடிக்குது பாருங்க.

— அடிக்கட்டும். என்னதான் பண்ணுது இது?

— உள்ள விட்ட ஒயர் மூலமா சர்வர் ரூம் சூட்டையும் காத்துல இருக்குற ஈரத்தையும் அளக்குது. பெரிய மெஷின் ஆனை விலை. ‘வேணாம் சார், இதுவே போதும்’னு நான்தான் வாங்க வச்சேன்.

— அப்புறமென்ன?

— ஈரம்தான்... ராத்திரி ஏறுது, மத்தியானமும் ஏறுது. ஏறினதும் மேனேஜர் போனுக்கு மெசேஜ் போயிடுது.

— ஏசி ஒழுகுதோ என்னவோ.

— காலையிலயே உள்ள போய்ப் பார்த்தாச்சு. சொட்டு இல்ல.

— அப்ப பெட்டிதான் டூப்பு. குடுத்த காசுக்கு...

— நீங்களுமா? யாரோ இதையேதான் மேனேஜர் காதுல ஓதியிருக்காங்க. இப்ப பார்க்க வர்றாராம். பெட்டி தப்புன்னா என்னை நிரந்தரமாக்குற பேச்சே இல்லையாம்.

— அடப்பாவமே... சரிதான்னு காட்டிடேன்.

— காட்டினா, ஈரம் எங்கேருந்து வருதுன்னு கேட்பாரே.

— கேட்டா சொல்றது.

— போன் இன்னும் அடிக்குதுக்கா.

— பேச்சை மாத்தாதே. சட்டை வேற கசங்கி... நீ வீட்டுக்குத்தான் போறியா?

— மெதுவாப் பேசுங்கக்கா.

— வீட்டுக்காரிகூட சண்டையா?

— அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. வாடகை வீட்டைக் காலி பண்ணியாச்சு. ராத்திரி இங்கதான் படுக்கை. ரெண்டு சட்டையை அலசி சர்வர் ரேக்குக்குப் பின்னாடி தொங்க விடுவேன்... சூடா காத்து வரும், விடியறதுக்குள்ள காஞ்சிடும்.

— அட கள்ளா! திருடனே காவலுக்கு ஆள் வச்ச கதையால்ல இருக்கு!

— பெட்டி வாங்கும்போது வீடு இருந்துச்சுக்கா.

— ம்...

— சிரிக்கலையா?

— இல்ல தம்பி. மழையும் விடமாட்டேங்குது.

— ராத்திரி ஏறுறது என்னால, சரி. மத்தியானம்? பாருங்க, இப்பவும் ஏறுது! அதான் மண்டை காயுது. பெட்டி நிஜமாவே பொய் சொல்லுதோ...

— சொல்லல.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நீ போய் ஒரு வாய் சாப்பிட்டு வா.

— உள்ள போய் பார்த்துட்டே போறேன்.

— இரு, இரு! கதவைத் திறக்காதே.

— ஏங்க்கா?

— லிஃப்ட் சத்தம்... மேனேஜர்தான்.

— அக்கா, கேட்டேன்ல?

— பால்கனியில என் துணிக்கு இடமில்லைன்னு மருமக சொல்லிட்டா. மகன் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கல. இந்த ரூம் சாவி என் மேசையிலதானே கிடக்கு... மத்தியானம் உள்ள காயறது என் புடவை தம்பி. மாட்டிக்குவேனோன்னு பயந்து, பெட்டி டூப்புன்னு ஓதினதும் நான்தான். அவர் வரட்டும், ராத்திரியும் அது அங்கேயே தொங்கும்னு சொல்லிடறேன். உன் சட்டையைப் பத்தி... ஆயுசுல முதல் தடவையா வாயை மூடிக்கறேன், போ.