ஆறு கொட்டகை, ஒரே கிடா

விழாத் தலைமை ஏற்றிருக்கும் ஆடு வளர்ப்போர் சங்கத் தலைவர் அவர்களே, என் பேச்சு நீளுமோ என்று முன்வரிசையில் கவலையோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கைவேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மேடைக்குப் பின்னால் கம்பத்தை முட்டிக்கொண்டிருக்கும் காதறுந்த கிடா அவர்களே! இந்தக் கால்நடை மருத்துவனின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். போன வருடம் இதே நாளில் சிரிப்பு வந்ததா நமக்கு?

நம் செம்மறி இனம் வேறெங்கும் இல்லாத இனம். வெயிலைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், வெறும் சருகைத் தின்றும் வாழும். அது அழிந்தால் எந்தச் சந்தையில் வாங்குவோம்? எந்த நாட்டில் தேடுவோம்? அதனால்தான் கால்நடை இனங்களைக் காக்கும் பன்னாட்டு நிதியத்துக்கு விண்ணப்பித்தோம்.

நம்மிடம் எத்தனை கிடா என்று எண்ணப் போனவன் நான். திங்கட்கிழமை ஒரு கொட்டகை, செவ்வாய்க்கிழமை அடுத்தது, இப்படி ஆறு நாள், ஆறு கொட்டகை. போன இடமெல்லாம் ஒரு கிடா! படம் எடுத்தேன், ஆறு என்று எழுதினேன், கம்பீரமாகக் கையெழுத்தும் போட்டேன். பதில் வந்தது: "ஐந்து கிடாவுக்கு மேல் உள்ள இனத்துக்கு நிதி இல்லை. வாழ்த்துகள்."

அன்றைக்கே நம் தையல்கார அக்கா வந்தார். "டாக்டர், புது வீட்ல ஆடு கட்டக் கூடாதாம். வர்ற மாசம் முதல் வியாழக்கிழமை கறிக்கடைக்காரர் வர்றாரு. கிடாவைக் குடுத்துடப் போறேன்."

"குடுங்கக்கா, இன்னும் அஞ்சு இருக்கே."

அக்கா வெடித்து அழுதுவிட்டார். "எங்க இருக்கு? எல்லாம் இதேதான் டாக்டர்! கிடா இல்லாத கொட்டகைன்னா உங்க முன்னாடி மானம் போயிடும்னு ஆளாளுக்கு இரவல் வாங்கிட்டுப் போனாங்க!"

படங்களை மேசையில் பரப்பினேன். ஆறிலும் இடது காது பாதிதான்! நான் ஒரு தெருவில் வர, கிடா வேறு தெருவில் எனக்கு முன்னால் போயிருக்கிறது.

யாரங்கே, "டாக்டருக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்க" என்பது? வாங்கிவிட்டேன் ஐயா, வாங்கிவிட்டேன்!

யாரை நோவேன்? மானத்துக்காக மறைத்த உங்களையா? காதைப் பார்க்காமல் கணக்கெழுதிய என்னையா? ஏமாற்றுக்காரன் என்று நிதியத்தார் ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடுவார்களோ என்று பயந்தேன். ஆனாலும் ஆறு என்று எழுதிய அதே கையால் ஒன்று என்று எழுதினேன். ஆறு படத்திலும் அந்தக் காதைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பினேன்.

கறிக்கடைக்காரர் வரவிருந்த வியாழனுக்கு முந்தின நாள் மாலை பதில் வந்தது. கிடாவின் விந்தை உறையவைத்துச் சேமிக்க நிதி! எல்லோருக்குமாக ஒரு பொதுக் கொட்டகைக்கு நிதி! ஓடினேன். கடிதத்தை வாசித்தேன். "மறுபடி படிங்க" என்றார் அக்கா. மூன்று முறை படித்தேன். "அப்பாடா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காலை பொதுக் கொட்டகையில் கிடாக்குட்டிகளை எண்ணினேன். அக்கா ஒவ்வொன்றின் காதையும் பிடித்துக் காட்டினார். "பாருங்க டாக்டர், முழுசா இருக்கு. இது வேற. இது வேற." ஏழு! ஏழும் வேறு வேறு!

ஐந்தைத் தாண்டினால் நிதியை நிறுத்திவிடுவார்களே என்கிறார் ஒருவர். நிறுத்தட்டும் ஐயா! கேட்டு வாங்கியது எதற்கு? இனிக் கேட்க வேண்டாத நாளுக்காகத்தானே!

உதவிய நிதியத்துக்கும், உண்மையைச் சொல்லி அழுத அக்காவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இனி நான் வீடு தேடி வந்தால் யாரும் கிடா இரவல் வாங்க வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், போதும். வணக்கம்!