மண்ணச்சநல்லூர் வண்டிக்கு டீசல் இன்ஜின்

காப்பி போதும் ஐயா, அரை டம்ளருக்கு மேல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் எழுதுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். பெயர் ஸ்தனிஸ்லாஸ். பாலக்கரையில் பதினெட்டு வருஷமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன்.

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் முதலாளி ரத்தினவேல் போன தை மாதம் தன் அமெரிக்கக் காரைக் கொண்டுவந்தார். முப்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. இப்போது இருபத்துநாலு வயசு. பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது. டீசல் இன்ஜின் போடச் சொன்னார். கூட வந்த அவருடைய மச்சான், லாரி இன்ஜினே போதும் என்றார். அதை வைத்தால் வண்டி மூக்கைத் தரையில் தேய்க்கும். நான்கு மாதம் அலைந்து, அளவாக ஒரு வேன் இன்ஜினைப் பிடித்தேன். டீசலின் இழுப்பைப் பழைய கியர்பாக்ஸ் தாங்காது, அதையும் மாற்றினேன். புதியது நீளம் அதிகம். அதனால், பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டை அறுத்துக் குறைத்து வெல்டிங் வைத்தேன். ஓட்டிப் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டெலிவரிக்கு முந்தின நாள் சாயங்காலம் ரத்தினவேல் நண்பர்களோடு வந்தார்.

"இன்ஜினு நம்ம மச்சான் பாத்துச் சொன்னதுங்க. இவரு பூட்டிக் குடுத்தாரு, அவ்வளவுதான்."

மச்சான் மறுக்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபமே வராது என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்வாள். அவர்கள் போனதும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சமயபுரம் போய் வருவதாக ஏற்பாடு. முதல் ஓட்டத்தில் வேலை செய்தவனும் கூட உட்கார்ந்து போவது எங்கள் தொழிலில் வழக்கம். டிரைவர் வீரமலை எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்கண்ணே."

"வயிறு சரியில்ல. நீங்கள்லாம் போயிட்டு வாங்க."

ரத்தினவேலின் மனைவி மட்டுவார்குழலி, "ஓமத்தண்ணி குடிங்க, சரியாப் போயிரும்," என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறினார். அந்த அம்மாளும் போவார் என்று முதலில் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நேரம் இருந்தது. ஆனால் இன்ஜின் கிளம்பிய சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது, கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன்.

ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடப் பாலமும் தாண்டி, ஷாஃப்டின் முன்முனை கழன்று ரோட்டில் ஊன்றியது. வண்டி தூக்கி அடித்துக் கவிழ்ந்தது. ரத்தினவேல், அந்த அம்மாள், வீரமலை, மூன்று பேரும் போய்விட்டார்கள். வீரமலைக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். நல்ல பிள்ளை.

யாரும் சந்தேகப்படாதபோது நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். வெல்டிங் சரியில்லாததால் ஷாஃப்ட் விட்டுப்போனது என்று உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது. அன்று வண்டியில் ஏறாத மச்சான் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை. நசுங்கிய வண்டி உங்கள் ஸ்டேஷன் வாசலில்தானே கிடக்கிறது, போய்ப் பாருங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. முன்முனையைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுகளையும் பாதிக்கு மேல் ரம்பத்தால் அறுத்து வைத்தவன் நான். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் வேலையில் குறை என்கிற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா.